பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: 2011இல் வெள்ளரிக்காய்க்கு நேர்ந்த கதை



சென்ற வாரம் 1854 லண்டன் காலராவையும், தண்ணீர் பம்பைக் கண்டுபிடித்த மருத்துவர் ஜான் ஸ்னோவையும் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் பழைய மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "சார், அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள், சரி. இந்தக் காலத்தில் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் எந்தச் சாப்பாட்டால் நோய் வந்தது என்று உடனே சொல்லிவிட மாட்டார்களா?"

நல்ல கேள்வி. பின்னூட்டத்தில் இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், மாலைக் காப்பியோடு உட்கார்ந்து படியுங்கள்.

2011 மே மாதம் ஜெர்மனியில் நடந்தது இது. உலகத்திலேயே மிகச் சிறந்த ஆய்வுக்கூடங்கள் உள்ள நாடு. கிருமி எது என்று சில நாட்களில் தெரிந்துவிட்டது. அந்தக் கிருமி எந்த உணவில் வந்தது என்று தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் சம்பந்தமே இல்லாத ஒரு காய் குற்றவாளிக் கூண்டில் ஏறி, ஆயிரக்கணக்கான விவசாயிகளின் விளைச்சல் குப்பைக்குப் போனது. கடைசியில் அகப்பட்டது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் ஒரு பொருள்.

ஹாம்பர்க்கிலிருந்து வந்த தகவல்

2011 மே 19. ஜெர்மனியின் தேசிய நோய்த் தடுப்பு அமைப்பான ராபர்ட் கோக் நிறுவனத்துக்கு ஹாம்பர்க் நகரிலிருந்து ஒரு தகவல் வந்தது. அங்குள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் மூன்று குழந்தைகள் ஒரே மாதிரி நோயோடு சேர்ந்திருக்கிறார்கள்: ரத்தபேதி, அதைத் தொடர்ந்து சிறுநீரகம் பழுது. மறுநாளே பெர்லினிலிருந்து ஒரு குழு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தது. போனவர்களுக்கு அதிர்ச்சி. குழந்தைகள் மூன்று பேர்தான். ஆனால் பெரியவர்கள் பலர் அதே நோயோடு வந்துகொண்டிருந்தார்கள்.

நோயைப் பற்றி ஒரு சொல். ஈ.கோலை என்ற கிருமியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தியோடர் எஷரிக் என்ற மருத்துவர் 1885இல் அதைப் பற்றி எழுதினார்; பெயரில் உள்ள ஈ அவருடையது. நம் எல்லோர் குடலிலும் அது இருக்கிறது, பெரும்பாலும் தொல்லை தராது. ஆனால் அதில் சில வகைகள் 'ஷிகா' நஞ்சைச் சுரக்கும். சீதபேதிக் கிருமியைக் கண்டறிந்த ஜப்பானிய அறிஞர் கியோஷி ஷிகாவின் பெயரை அந்த நஞ்சுக்கு வைத்திருக்கிறார்கள். இந்த நஞ்சு ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீரகம் அடைபடும், சிலருக்கு மூளையையும் தாக்கும். நேற்றுவரை வேலைக்குப் போய்வந்த ஆரோக்கியமான மனிதர் நான்கு நாளில் டயாலிசிஸ் இயந்திரத்தில் படுத்திருப்பார்.

வழக்கமாக இந்தச் சிறுநீரகப் பழுது சிறு குழந்தைகளுக்கு வரும். ஹாம்பர்க்கில் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெரியவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். இது ஒரு துப்பு. குழந்தைகள் அதிகம் தொடாத, பெண்கள் விரும்பிச் சாப்பிடும் ஏதோ ஒன்று. என்னவாக இருக்கும்? பச்சைக் காய்கறி, சாலட் என்று யாருக்கும் தோன்றும்.

அதே ஊர், 119 ஆண்டுகளுக்கு முன்

இங்கே வரலாற்று வாத்தியாராக ஒரு நிமிடம் இடைமறிக்கிறேன். ஹாம்பர்க்குக்கும் கோக் என்ற பெயருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1892இல் அந்த நகரத்தில் காலரா வந்து 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பெர்லினிலிருந்து அரசு அனுப்பிய ஆள் சாட்சாத் ராபர்ட் கோக்கேதான். எகிப்திலும் நம் கல்கத்தாவிலும் காலராக் கிருமியை ஆராய்ந்து முடித்திருந்தவர்.

அங்கே ஒரு விசித்திரம். ஹாம்பர்க்கை ஒட்டியே ஆல்டோனா என்ற ஊர். இரண்டுக்கும் எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். ஆல்டோனாக்காரர்கள் மணலில் வடிகட்டிக் குடித்தார்கள். ஹாம்பர்க்காரர்கள் அப்படியே குடித்தார்கள். எல்லைத் தெருக்களில் ஒரு பக்க வீடுகளில் சாவு, எதிர்ப்பக்கம் பெரிய பாதிப்பு இல்லை. காற்றும் மண்ணும் ஒன்றுதான், தண்ணீர் மட்டும்தான் வேறு.

நோய் வந்தவர், வராதவர், இருவருக்கும் இடையே என்ன வித்தியாசம்? நோய்த் துப்பறிதலின் அடிப்படைக் கேள்வி அன்றும் இன்றும் இதுதான். ஆனால் தண்ணீர் என்றால் வீட்டுக்கு ஒரு குழாய். சாப்பாடு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை பண்டம்!

இரண்டு வாரத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள்?

மே 20ஆம் தேதி போன குழு முதலில் 12 நோயாளிகளிடம் விரிவாகப் பேசியது. என்ன சாப்பிட்டீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று. பிறகு அதே வயது, அதே பகுதி, ஆனால் நோய் வராதவர்களைத் தேடிப் பிடித்து அதே கேள்விகளைக் கேட்டார்கள். நோயாளிகள் 25 பேர், நலமாக இருந்தவர்கள் 96 பேர்.

இந்த ஒப்பீடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வகுப்பில் காய்ச்சல் வந்த பத்துப் பிள்ளைகளும் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தால் தயிர்சாதம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? காய்ச்சல் வராத முப்பது பேரும் அதே தயிர்சாதம் சாப்பிட்டிருந்தால்? அதனால்தான் நலமாக இருப்பவரையும் கேட்க வேண்டும். நோயாளிகளிடம் மட்டும் தூக்கலாகத் தெரியும் உணவுதான் துப்பு.

அப்படித் தூக்கலாகத் தெரிந்தவை மூன்று: தக்காளி, வெள்ளரிக்காய், இலைக்கோசு வகைச் சாலட் கீரை. மே 25ஆம் தேதி அரசு நிறுவனங்கள் அறிவித்தன: குறிப்பாக வட ஜெர்மனியில், இந்த மூன்றையும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம்.

இதுவரை நான் குறை சொல்ல மாட்டேன். மருத்துவமனைகள் நிரம்பி வழிகின்றன, கையில் உள்ள ஆதாரம் இவ்வளவுதான், மக்களை எச்சரித்தாக வேண்டும். எந்தக் காய் என்று தெரியாது, பச்சைக் காய்கறி என்று மட்டும் தெரிகிறது என்று சொன்னார்கள். அது நேர்மையான பேச்சு.

மறுநாள் நடந்ததுதான் வேறு.

பழி விழுந்த நாள்

மே 26. ஹாம்பர்க் நகர அரசின் சுகாதார அமைச்சர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். மொத்தச் சந்தையில் எடுத்த வெள்ளரிக்காய் மாதிரிகளில் நோய்க்கிருமி கிடைத்துவிட்டது, நான்கு காய்களில் மூன்று ஸ்பெயினிலிருந்து வந்தவை என்று அறிவித்தார்.

ஒரு நாட்டின் பெயரும் ஒரு காயின் பெயரும் சேர்ந்து வெளியே வந்துவிட்டன. அதற்குப் பிறகு யார் தடுக்க முடியும்? மாலைக்குள் ஐரோப்பா முழுக்க "ஸ்பெயின் வெள்ளரி" என்பது பேச்சாகிவிட்டது.

ஸ்பெயினின் தெற்கே அல்மேரியா என்று ஒரு மாகாணம். வானத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் போர்வை விரித்ததுபோல் பிளாஸ்டிக் கூடாரங்கள். அதற்குள் வெள்ளரி, தக்காளி, மிளகாய். ஐரோப்பாவுக்குக் காய்கறி போடும் ஊர். லாரிகள் எல்லையிலிருந்து திரும்பின. வாங்குவார் இல்லை. பறித்த காயைக் கொட்டினார்கள், மாட்டுக்குப் போட்டார்கள், பறிக்காமல் செடியிலேயே விட்டார்கள். ஸ்பெயின் ஏற்றுமதியாளர்கள் வாரத்துக்கு 20 கோடி யூரோ நட்டம் என்று கணக்குச் சொன்னார்கள். ஆண்டலூசியா மாநில வேளாண் அமைச்சர் கேமராக்கள் முன் வெள்ளரிக்காயைக் கடித்துச் சாப்பிட்டுக் காட்டினார். ஜூன் 2ஆம் தேதி ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியத்தின் எந்த நாட்டிலிருந்தும் பச்சைக் காய்கறி வேண்டாம் என்று தடை போட்டது.

அதற்கு இரண்டு நாள் முன்பே, மே 31ஆம் தேதி, ஆய்வுக்கூடத்து முடிவு வந்திருந்தது. வெள்ளரிக்காயில் ஷிகா நஞ்சு சுரக்கும் ஒரு கிருமி இருந்தது உண்மை. ஆனால் நோயாளிகளிடம் இருந்த கிருமி அது அல்ல. நோயாளிகளிடம் இருந்தது ஓ104:எச்4 என்ற அரிய வகை. காயில் இருந்தது வேறு வகை.

அதாவது, திருட்டு நடந்த தெருவில் ஒருவன் பையில் கத்தியோடு பிடிபட்டான். கத்தி வைத்திருந்தது தப்புதான். ஆனால் இந்தத் திருட்டு அவன் செய்ததல்ல.

பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வகுப்பில் ஒரு பேனா காணாமல் போனால், நாற்பது தலைகளும் ஒரே பையன் பக்கம் திரும்பும். ஏற்கெனவே ஒரு முறை பெயர் கெட்டவனாகவோ, வேற்றூரிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்தவனாகவோ இருப்பான். பேனா யாருடைய பையிலோ அடியில் கிடைக்கும். கிடைத்த செய்தி யாருக்கும் நினைவிருக்காது. அந்தப் பையனுக்கு மட்டும் நினைவிருக்கும்.

கறிவேப்பிலையை யார் சொல்வார்கள்?

நாள்கள் ஓடின. வெள்ளரி இல்லை என்றால் வேறு எது?

இங்கேதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் வருகிறது. முதலில் பேசிய 12 நோயாளிகளில் மூன்று பேர், முளைகட்டிய பயறு வகை சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டில் மூன்று. மிகக் குறைவு. அதனால்தான் அடுத்த சுற்றுக் கேள்வியில் அதைச் சேர்க்கவில்லை.

ஏன் மூன்று பேர் மட்டும் சொன்னார்கள்? மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியவில்லை. இந்தக் கிருமி உடலுக்குள் போய் நோயாக வெளிப்பட ஏறக்குறைய எட்டு நாள் எடுத்தது. பிறகு மருத்துவமனை, பிறகு விசாரணை. ஆக, இரண்டு வாரத்துக்கு முன் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட சாலட்டில் தக்காளி இருந்தது நினைவிருக்கும், வெள்ளரி இருந்தது நினைவிருக்கும். மேலே தூவியிருந்த நான்கு முளைப்பயறு யாருக்கு நினைவிருக்கும்?

நேற்று ஓட்டலில் என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இரண்டு இட்லி, ஒரு வடை, சாம்பார், சட்னி. கறிவேப்பிலை சாப்பிட்டேன் என்று யாராவது சொல்வார்களா? சாம்பாரிலும் இருந்தது, சட்னியிலும் இருந்தது, வடையிலும் இருந்தது. ஆனால் பட்டியலில் வராது. அந்த நோயாளிகளுக்கு முளைப்பயறு அப்படித்தான்.

நோயாளியின் நினைவை நம்பினால் கறிவேப்பிலை கிடைக்காது என்று புரிந்ததும், ராபர்ட் கோக் நிறுவனத்தார் கேள்வியையே மாற்றினார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பதை விட்டார்கள். என்ன 'ஆர்டர்' செய்தீர்கள் என்று கேட்டார்கள். அதற்கான விடையை நினைவில் தேட வேண்டியதில்லை. ரசீதில் இருக்கிறது.

நோயாளிகள் பலர் குழுவாக உணவகத்துக்குப் போனவர்கள். சுற்றுலா வந்தவர்கள், விழாக் கொண்டாடியவர்கள். ஒரே மேசையில் உட்கார்ந்து சிலருக்கு நோய், சிலருக்கு இல்லை. அப்படிப் பத்துக் குழுக்களைப் பிடித்தார்கள். மொத்தம் 152 பேர். அவர்கள் கேட்ட பதார்த்தம் என்ன என்று ரசீதுகளிலும் முன்பதிவுப் பட்டியலிலும் பார்த்தார்கள். மேசையில் எடுத்த புகைப்படங்களை வாங்கித் தட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு சமையல்காரரிடம் போனார்கள். "இந்தப் பதார்த்தத்தில் என்னென்ன போடுவீர்கள்? எவ்வளவு போடுவீர்கள்? அலங்காரத்துக்கு மேலே எதைத் தூவுவீர்கள்?"

சாப்பிட்டவருக்குத் தெரியாதது சமைத்தவருக்குத் தெரியும். நம் வீட்டிலும் அப்படித்தானே?

152 பேரில் 31 பேருக்கு நோய் வந்திருந்தது. அந்த 31 பேர் தட்டிலும் முளைப்பயறு இருந்தது. ஒருவர்கூட விடுபடவில்லை. தக்காளியையும் வெள்ளரியையும் அப்படிச் சொல்ல முடியவில்லை. முளைப்பயறும் தக்காளியும் வெள்ளரியும் ஒரே தட்டில் வருவதால்தான் முதல் விசாரணையில் அவை மாட்டிக்கொண்டன. கூடா நட்பு என்று சொல்லலாம்.

சரக்குச் சீட்டுகளின் பாதை

இன்னொரு பக்கம் உணவுத்துறையினர் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். நோயாளிகள் கூட்டமாக வந்த உணவகங்கள், உணவுக்கூடங்கள் எல்லாவற்றிலும் சரக்கு வந்த சீட்டுகளை வாங்கி, எந்தக் கடை, அந்தக் கடைக்கு எந்த மொத்த வியாபாரி, அவருக்கு எந்தப் பண்ணை என்று பின்னோக்கிப் போனார்கள். இப்படி 41 இடங்கள். அத்தனை நூலும் ஒரே முடிச்சில் போய் நின்றன: ஹாம்பர்க்குக்குத் தெற்கே, லோயர் சாக்சனி மாநிலத்தில், பீனன்ப்யூட்டல் என்ற சிற்றூரில் முளைப்பயறு வளர்க்கும் ஓர் இயற்கை வேளாண் பண்ணை. அங்கே வேலை பார்த்தவர்கள் சிலருக்கும் மே மாதத் தொடக்கத்திலேயே வயிற்றுப்போக்கு வந்திருந்தது.

ஜூன் 5ஆம் தேதி அந்த மாநில அமைச்சர் இதை அறிவித்தார். உடனே பண்ணையில் மாதிரிகள் எடுத்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை. மேலும் எடுத்தார்கள். இல்லை. மக்களுக்குப் பொறுமை போய்விட்டது. முதலில் வெள்ளரி என்றீர்கள், இப்போது முளைப்பயறு என்கிறீர்கள், அதிலும் கிருமி இல்லை என்கிறீர்கள் என்று பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன.

இங்கே என் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. கெட்ட சரக்கு பல நாளுக்கு முன்பே விற்றுத் தின்று முடிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்துக்குக் கொடுக்க மிச்சம் எங்கே இருக்கும்? வெள்ளரியில் கிருமி கிடைத்தது, அது குற்றவாளி இல்லை. முளைப்பயறில் கிடைக்கவில்லை, அதுதான் குற்றவாளி. ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை. அதனிடம் போய்ச் சேர்ந்த பொருள் பற்றி மட்டுமே அதனால் பேச முடியும்.

ஜூன் 10ஆம் தேதி, ரசீது விசாரணையும் சரக்குச் சீட்டு விசாரணையும் ஒரே இடத்தில் சந்தித்த பலத்தில், காரணம் முளைப்பயறுதான் என்று அறிவித்து, தக்காளி, வெள்ளரி, சாலட் கீரை மீதான எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ரைன் ஆற்றுப் பக்கம் ஒரு வீட்டுக் குப்பைத் தொட்டியில் அதே பண்ணையின் பாதி தீர்ந்த முளைப்பயறுப் பொட்டலம் கிடைத்து, அதில் அந்த ஓ104 கிருமி இருப்பதும் தெரிந்தது. அந்த வீட்டில் இரண்டு பேர் நோயில் விழுந்திருந்தார்கள்.

வெந்தயம்

கதை முடிந்தது என்று நினைத்தபோது, ஜூன் 24ஆம் தேதி பிரான்சிலிருந்து செய்தி. போர்டோ நகரை ஒட்டிய பெக்ல் என்ற ஊரில் பத்துக்கும் மேற்பட்டோருக்கு அதே நோய். அவர்கள் ஜெர்மனிக்குப் போகவில்லை. ஜெர்மனி முளைப்பயறையும் சாப்பிடவில்லை. ஜூன் 8ஆம் தேதி ஒரு சிறுவர் மையத்தின் விழாவுக்குப் போயிருந்தார்கள். அங்கே கடையில் விதை வாங்கித் தாங்களே முளைகட்டி, உணவின் மேல் அலங்காரமாகத் தூவியிருந்தார்கள்.

அப்படியானால் கேடு பண்ணையில் இல்லை, விதையில் இருக்கிறது. பிரான்சில் முளைகட்டியது மூன்று விதை: கடுகு, ராக்கெட் என்ற கீரைவிதை, வெந்தயம். ஜெர்மனிப் பண்ணையின் கலவைகளோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் பொதுவாக நிற்பது வெந்தயம்.

நம் வெந்தயம்தான். இட்லி மாவுக்கு ஊறப் போடுவோமே, வத்தக்குழம்புக்குத் தாளிப்போமே, அது.

இத்தாலியின் பார்மா நகரில் இருக்கும் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பல நாட்டு ஆட்களைச் சேர்த்துச் சுங்கத் தாள்களையும் கப்பல் தாள்களையும் புரட்டியது. ஜூலை 5ஆம் தேதி அறிக்கை வந்தது. 2009 நவம்பரில் எகிப்தின் டாமியெட்டா துறைமுகத்தில் 15,000 கிலோ வெந்தயம் ஒரே மொத்தமாகக் கப்பலேறியிருக்கிறது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப், பிறகு ராட்டர்டாம், பிறகு ஜெர்மனியில் ஓர் இறக்குமதியாளர். அங்கிருந்து கை மாறிக் கை மாறி, ஒரு பங்கு பீனன்ப்யூட்டலுக்கும், இங்கிலாந்து வழியாக ஒரு பங்கு பிரான்சுக்கும் போயிருக்கிறது. கப்பலேறிய நாளுக்கும் நோய் வந்த நாளுக்கும் நடுவே ஒன்றரை ஆண்டு.

காய்ந்த விதைக்குள் ஒன்றரை ஆண்டு கிருமி எப்படி இருக்கும் என்று கேட்கலாம். விதையின் தோலில் உள்ள சிறு வெடிப்புகளில் உறங்கிக் கிடக்கும். முளைகட்ட நாம் என்ன செய்கிறோம்? ஈரம் கொடுக்கிறோம், கதகதப்பாக மூடி வைக்கிறோம், சில நாள் காத்திருக்கிறோம். விதை முளைக்க எது வேண்டுமோ அதேதான் கிருமி பெருகவும் வேண்டும். ஒன்று ஆயிரமாகி, ஆயிரம் கோடியாகிவிடும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போகாது.

எகிப்து இதை ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு நியாயமும் உண்டு. மிஞ்சிய வெந்தயத்தைச் சோதித்தபோது அந்தக் கிருமி கடைசிவரை அகப்படவே இல்லை. ஆதாரம் முழுக்க ரசீதும் சீட்டும் கப்பல் தாளும்தான். ஆனாலும் எகிப்திலிருந்து வரும் இத்தகைய விதைகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் அக்டோபர் 31 வரை தடை விதித்தது. பழி இரண்டாம் முறை இன்னொரு நாட்டின் மேல். இம்முறை தாள்கள் கையில் இருந்தன என்பது வித்தியாசம்.

ஜூலை 26ஆம் தேதி கொள்ளை முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஜெர்மனியில் மட்டும் 3,800 பேருக்கு மேல் நோய். அவர்களில் 850 பேர் அளவுக்குச் சிறுநீரகப் பழுது. இறந்தவர்கள் 50 பேருக்கு மேல்.

பதினைந்து ஆண்டுக்கு முன் படித்த பாடம்

இதைப் படிக்கும்போது எனக்கு ஜப்பானின் சகாய் நகரம் நினைவுக்கு வந்தது. 1996 ஜூலையில் அங்கே பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 6,000 குழந்தைகளுக்கு மேல் ஈ.கோலை ஓ157 நோயில் விழுந்தார்கள். மூன்று சிறுமிகள் இறந்துபோனார்கள். அங்கேயும் விசாரணை சுட்டியது ஒரு முளையைத்தான், வெள்ளை முள்ளங்கி முளை. அங்கேயும் பண்ணையில் கிருமி கிடைக்கவில்லை. முடிவு உறுதியாகும் முன்பே ஆகஸ்ட்டில் இடைக்கால அறிக்கை வெளியானது, நாடெங்கும் முள்ளங்கி முளை விற்பனை படுத்தது. அறிக்கையை வெளியிட்ட சுகாதார அமைச்சர் நவோட்டோ கானே கேமரா முன் முள்ளங்கி முளை சாப்பிட்டுக் காட்ட வேண்டி வந்தது. அவர்தான் பின்னாளில் பிரதமரானவர். விவசாயிகள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். அறிவித்த விதம் தவறு, நட்டஈடு கொடு என்று நீதிமன்றம் சொன்னது; 2004இல் உச்ச நீதிமன்றத்திலும் அதுவே நிலைத்தது.

ஆனால் சகாய்க்குப் பிறகு ஜப்பானியர்கள் செய்த ஒரு காரியத்தை மதிய உணவுத் திட்டம் உள்ள ஊர்க்காரனாகப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு பள்ளிச் சமையலறையிலும், அன்றன்று வந்த ஒவ்வொரு மூலப்பொருளிலும், சமைத்த ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்து, உறைநிலைக்கு 20 பாகை கீழே இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நாளை ஏதாவது ஆனால், யாருடைய நினைவையும் கேட்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவும் 2013 மார்ச்சில் விதி போட்டது. முளைகட்டும் விதை எங்கே விளைந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒவ்வொரு மொத்தத்துக்கும் தாள் இருக்க வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது

ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நோய் உச்சத்தில் இருந்தது மே 22 வாக்கில். முளைப்பயறு என்று உறுதியானது ஜூன் 10. அதற்குள் பெரும்பாலான கேடு நடந்து முடிந்திருந்தது. அப்படியானால் கண்டுபிடித்து என்ன லாபம்? கொஞ்சம் யோசியுங்கள். அந்த 15,000 கிலோவில் மீதி, பல நாட்டுக் கடைகளில் சிறு சிறு பொட்டலமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெந்தயம் ஆண்டுக்கணக்கில் கெடாது. பெக்ல் மாதிரி இன்னும் எத்தனை ஊர்களில் எத்தனை விழாக்கள் நடந்திருக்கும்? நடக்காமல் போன சாவை யாரும் எண்ணுவதில்லை, அதனால் தெரிவதில்லை.

அதிகாரிகள் வாயே திறக்காமல் இருந்திருக்க வேண்டுமா? அதுவும் சரியில்லை. மே 25 அறிவிப்பைப் போல, தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று சொல்லலாம். மே 26 அறிவிப்பைப் போல, பாதி சோதனையில் ஒரு நாட்டின் பெயரைச் சொன்னால், திருத்தம் ஐந்தே நாளில் வந்தாலும் விழுந்த சந்தை எழாது. ஐரோப்பிய ஒன்றியம் விவசாயிகளுக்கு 21 கோடி யூரோ நிவாரணம் ஒதுக்கியது. ஒரு வார நட்டத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இதை நான் ஜெர்மனிக்காக எழுதவில்லை. "இந்த ஊர்த் தர்பூசணியில் ஊசி", "அந்தக் கடை பிரியாணியில் விஷம்" என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் நாளுக்கொன்று வருகிறது. அடுத்தவருக்கு அனுப்பும் விரல் ஒரு நொடி நிற்கட்டும். நோய் வராதவர் என்ன சாப்பிட்டார் என்று யாராவது கேட்டார்களா? அந்தக் கடைக்காரர் வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கும்.

உடனே வெந்தயத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தாளிப்பதற்கும் கொதிப்பதற்கும் முன்னால் இந்தக் கிருமி நிற்காது. முளைகட்டிய பயறு, வெந்தயம் எதுவானாலும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்னைப் போன்ற வயசாளிகளுக்கும் நன்றாக வேகவைத்தே கொடுங்கள். ரத்தபேதி என்றால் கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். விருந்துக்குப் போய் வந்து நான்கு பேருக்கு ஒன்றாக வயிறு கெட்டால், என்ன பரிமாறினார்கள் என்று அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சமைத்தவரிடமும் கேட்டு எழுதுங்கள், கறிவேப்பிலை உட்பட.

கேள்வி கேட்ட மாணவிக்கு என் வாழ்த்து. அடுத்த ஞாயிறு வேறு ஒரு கதையோடு வருகிறேன்.